ஆய்வுக் கட்டுரையை 10 நிமிடத்தில் எடுத்துச் சொல்வது எப்படி? தயாரிப்பு முதல் கேள்வி நேரம் வரை

மாதக்கணக்கில் படித்த ஆய்வுக் கட்டுரை. பேசக் கிடைப்பதோ பத்தே நிமிடம். ஐந்தாவது ஸ்லைடில் இருக்கும்போதே, 'இன்னும் 2 நிமிடம்' என்று அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார் ஒருங்கிணைப்பாளர். முக்கியமான முடிவு 17வது ஸ்லைடில் இருக்கிறது. அப்புறம் என்ன? மீதியைப் படபடவென்று தள்ளிவிட்டு, நன்றி சொல்லி இறங்க வேண்டியதுதான்.

கருத்தரங்குகளுக்குப் போனவர்களுக்கு இது பழகிய காட்சி. பிஎச்.டி. மாணவர்கள் இதிலிருந்து தப்பவும் முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் அவர்கள் தங்கள் பணியை விளக்க வேண்டும். வேலைக்குப் போனாலும் இது விடுவதில்லை. டேட்டா சயின்ஸ் அணியிலோ மருத்துவமனையிலோ, 'இந்த பேப்பரைப் படிச்சு எங்களுக்குச் சொல்லுங்க' என்ற வேலை எப்போது வேண்டுமானாலும் உங்கள் தலையில் விழலாம்.

கட்டுரை வேறு, பேச்சு வேறு

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு, கட்டுரையை அப்படியே சுருக்கி ஸ்லைடில் ஏற்றுவது. முன்னுரை, முந்தைய ஆய்வுகள், முறை, முடிவு என்று அதே வரிசை, அதே வாக்கியங்கள்.

கட்டுரையைப் படிப்பவர், புரியவில்லை என்றால் பின்னால் போய் மறுபடி படிக்கலாம். பேச்சைக் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு இடத்தில் பிடி விட்டால் போச்சு.

இன்னொன்றும் இருக்கிறது. அறையில் இருப்பவர்களில் பலர் அந்தக் கட்டுரையை ஒருபோதும் படிக்கப் போவதில்லை. நீங்கள் சொன்னதுதான் அவர்களுக்கு அந்தக் கட்டுரை. அதை வைத்து நாளை அவர்கள் ஒரு முடிவும் எடுக்கலாம். அதனால் தெளிவு எவ்வளவு முக்கியமோ, இல்லாததைச் சொல்லாமல் இருப்பதும் அவ்வளவு முக்கியம்.

முதலில் ஒரே ஒரு வாக்கியம்

ஸ்லைடைத் திறப்பதற்கு முன், கட்டுரை என்ன சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு உதாரணம் பார்ப்போம்.

ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2004இல் 'எகனாமெட்ரிகா' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்கு வங்கம், ராஜஸ்தான் மாநிலங்களில் 265 ஊராட்சிகளை எடுத்துக்கொண்ட ஆய்வு அது. ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினால் அங்கே என்ன மாறுகிறது என்பதுதான் கேள்வி. (டுஃப்லோ 2019இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.)

இதை 'பெண்கள் இட ஒதுக்கீடு பற்றிய ஆய்வு' என்று சொன்னால் அது தலைப்பு மட்டும்தான். 'பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில், பெண்கள் அதிகம் கேட்கும் வசதிகளுக்குக் கூடுதல் முதலீடு நடந்தது' என்பதுதான் நமக்குத் தேவையான வாக்கியம்.

'பெண்கள் தலைவரானால் ஊராட்சி சிறப்பாக நடக்கும்' என்று சொல்லிவிட்டால்? கைதட்டல் கிடைக்கலாம். ஆனால் கட்டுரையின் முடிவு அது அல்ல. அது எதற்குச் செலவானது என்பதைப் பேசுகிறது. யார் சிறந்த தலைவர் என்று மதிப்பெண் போடவில்லை.

10 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி – 2 நிமிடம்: இந்தக் கேள்வி ஏன் எழுந்தது? 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 'பெயருக்குத்தான் மனைவி, ஆட்சி நடத்துவது கணவர்' என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. அப்படியானால் ஒதுக்கீட்டால் உண்மையில் எதாவது மாறுகிறதா? இப்படித் தொடங்கினால் பொருளாதாரம் படிக்காதவரும் நிமிர்ந்து உட்காருவார்.

முறை – 2 நிமிடம்: எல்லா விவரமும் வேண்டாம். முடிவை ஏன் நம்பலாம் என்பதற்கான ஒரு காரணம் போதும். இங்கே எந்த ஊராட்சி பெண்களுக்கு என்பது ஊரின் வசதியையோ மக்களின் மனப்போக்கையோ பார்த்து முடிவாகவில்லை. கிட்டத்தட்ட குலுக்கல் சீட்டு மாதிரி அமைந்தது. அதனால் இரண்டு வகை ஊராட்சிகளையும் நேராக ஒப்பிட முடிந்தது.

முடிவு – 3 நிமிடம்: பேச்சின் இதயம் இதுதான். ராஜஸ்தானில் பெண்கள் குடிநீரை அதிகம் கேட்டார்கள், சாலையைக் குறைவாகக் கேட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் குடிநீர் முதலீடு கூடியது, சாலை முதலீடு குறைந்தது. மேற்கு வங்கத்தில் பெண்கள் குடிநீர், சாலை இரண்டையும் கேட்டார்கள். அங்கே இரண்டிலுமே முதலீடு கூடியது. இரண்டு மாநிலத்துக்கும் சாலை விஷயம் நேரெதிர். அந்த முரணைக் காட்டினாலே முடிவு மனதில் நின்றுவிடும்.

எல்லை – 1 நிமிடம்: ஒரு மாநிலத்துக்கு ஒரு மாவட்டம் என, பீர்பூம், உதய்பூர் ஆகிய இரண்டு மாவட்டங்களின் தரவு இது. நாடு முழுவதும் இப்படித்தான் என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. இதை நீங்களே சொல்லிவிடுங்கள். வேறொருவர் கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

முடிப்பு – 1 நிமிடம்: தொடக்கத்தில் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லி நிறுத்துங்கள்.

மொத்தம் 9 நிமிடம். மைக் வேலை செய்யாமல் போவதற்கும் லேப்டாப் திரை வராமல் அடம்பிடிப்பதற்கும் மீதி ஒரு நிமிடம்.

ஸ்லைடில் என்ன இருக்க வேண்டும்?

நிமிடத்துக்கு ஒரு ஸ்லைடு என்பது நல்ல கணக்கு. 'முடிவுகள்' என்று தலைப்பிடாமல், 'ராஜஸ்தானில் குடிநீர் கூடியது, சாலை குறைந்தது' என்று முடிவையே தலைப்பாக வையுங்கள்.

கட்டுரையில் உள்ள பெரிய அட்டவணையைப் படம்பிடித்து ஒட்ட வேண்டாம். 'கடைசி வரிசையில இருக்கிறவங்களுக்குத் தெரியாது, மன்னிக்கணும்' என்று சொல்ல வேண்டிய ஸ்லைடு எதற்கு? தேவையான இரண்டு மூன்று எண்களை மட்டும் பெரிதாகப் போடுங்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் இருப்பார்கள். வரைபடத்தில் நிறத்தை மட்டும் நம்பாமல், பக்கத்திலேயே பெயரும் எழுதிவிடுங்கள்.

ஒத்திகை: முதலில் தமிழில்

பேச்சு ஆங்கிலத்தில்தான் என்றாலும், அந்தத் துறை தெரியாத ஒருவரிடம் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அறைத் தோழரோ தங்கையோ யாராக இருந்தாலும் சரி. ஆங்கிலத்தில் கலைச்சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். தமிழில் அது கஷ்டம். எங்கே 'அதாவது... வந்து...' என்று இழுக்கிறீர்களோ, அங்கே உங்களுக்கே இன்னும் புரியவில்லை என்று பொருள்.

பிறகு பேசும் மொழியில், எழுந்து நின்று, கடிகாரம் வைத்து மூன்று முறை சொல்லிப் பாருங்கள். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். பதற்றம் அதிகம் இருப்பது அந்த இடங்களில்தான்.

கேள்வி நேரத்தை எப்படிச் சமாளிப்பது?

வரக்கூடிய கேள்விகளில் மிகக் கடினமான ஐந்தை முன்கூட்டியே எழுதிவையுங்கள். நம் உதாரணத்தில், 'மாற்றத்துக்குக் காரணம் தலைவர் பெண் என்பதா, புதியவர் என்பதா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். கட்டுரையாசிரியர்களே இதை எதிர்பார்த்து, அனுபவம் போன்ற மற்ற காரணங்களையும் சோதித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைக் கூடுதல் ஸ்லைடாக, நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி வந்ததும் பதிலுக்குப் பாயாதீர்கள். 'நீங்கள் கேட்பது இதுதானே?' என்று ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

பதில் தெரியாவிட்டால், 'கட்டுரையில் இது இல்லை. என் ஊகத்தைச் சொல்லட்டுமா?' என்று பிரித்துச் சொல்லுங்கள். மழுப்பினால் அதுவரை சொன்ன சரியான விஷயங்கள் மீதும் சந்தேகம் வந்துவிடும். கட்டுரை எங்கே முடிகிறது, உங்கள் கருத்து எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாக இருந்தால், கேட்டவர் சரியான விஷயத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.