பார்த்தீனியமும் கரப்பானும்: ஒரு களைச் செடியின் வரலாறு

ஜவ்வாது மலைக்குப் போளூர் வழியாக ஏறினாலும் சரி, ஆலங்காயம் வழியாக ஏறினாலும் சரி, அடிவாரத்தில் சாலையோரம் ஒரு செடி கண்ணில் படும். கேரட் இலை போன்ற இலை. உச்சியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. மாடு வாய் வைக்காது. ஆடும் பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். இதுதான் பார்த்தீனியம். வடக்கே இதைக் காங்கிரஸ் புல் என்றும் கேரட் புல் என்றும் சொல்கிறார்கள். விவசாயிக்கு இது களை. தோல் மருத்துவருக்கு இது ஒரு நோயின் பெயர்.

எக்ஸிமா என்றால் என்ன?

தமிழில் கரப்பான் என்று சொல்லப்படும் நோய்க்கு ஆங்கில மருத்துவம் வைத்த பெயர் எக்ஸிமா. "கொதித்துப் பொங்குவது" என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தோல் சிவந்து, தடித்து, சிறு கொப்புளம் கட்டி, நீர் வடிந்து, பிறகு காய்ந்து வெடிக்கும். எல்லாக் கட்டத்திலும் அரிப்பு இருக்கும். பலர் நினைப்பது போல இது தொற்று நோய் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒட்டாது.

"இரத்தம் கெட்டுப்போனதால் வருகிறது" என்ற எண்ணம் உலகம் முழுவதும் நெடுங்காலம் இருந்தது. வெளியிலிருந்து தோலில் படும் பொருளும் கரப்பானை உண்டாக்கலாம் என்பதைச் சோதனை மூலம் காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் ஜோசப் யாடஸோன். 1895இல் அவர் சந்தேகப்பட்ட பொருளை நோயாளியின் தோலில் ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒட்டிய இடத்தில் மட்டும் கரப்பான் எழும்பியது. ஒட்டுச் சோதனை என்று இன்றும் தோல் மருத்துவர்கள் செய்வது இதைத்தான். இந்தியாவில் பார்த்தீனியத்தின் குற்றம் நிரூபணமாகவும் இதே முறைதான் உதவியது.

புனேயில் தொடங்கிய கதை

பார்த்தீனியத்தின் சொந்த ஊர் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள அமெரிக்க நிலப்பகுதி. இந்தியாவில் 1955 வாக்கில் புனேயில் குப்பை மேடுகளில் காணப்பட்டது. தாவரவியலாளர் ஆர்.எஸ். ராவ் 1956இல் இதைப் பதிவு செய்தார். அதன் பிறகு சாலை, ரயில் பாதை, லாரி, வைக்கோல், ஆற்று நீர் என்று எல்லா வழியிலும் பரவியது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். ஈரம் கிடைத்தால் ஒரே வருடத்தில் பல தலைமுறை முளைக்கும். சில பத்தாண்டுகளில் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் வந்துவிட்டது.

அமெரிக்கக் கோதுமையோடு, அதாவது பி.எல். 480 திட்டத்தில், இந்த விதை வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஆண்டுகளைச் சரிபார்த்தால் ஓர் இடறல் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் இந்தியா ஒப்பந்தம் செய்தது 1956 ஆகஸ்டில். செடி அதற்கு முன்பே புனேயில் இருந்தது. 1951இல் கடனாக வந்த அமெரிக்கக் கோதுமையில் கலந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சேகரித்த மாதிரி ஒன்று டேராடூன் தாவரச் சேகரிப்பில் இருப்பதையும் பின்னாளில் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே பழியை ஒரே கப்பல் மேல் போட முடியாது.

வயலில் வந்த நோய்

புனேப் பகுதியில் செடி பெருகிய பிறகு, விவசாயிகள் ஒரே மாதிரியான கரப்பானோடு மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று சட்டை மூடாத இடங்களிலும் மடிப்புகளிலும் தோல் தடித்திருந்தது. லோன்கர், மிட்செல், கால்னன் ஆகிய மூவர் 1974இல் எழுதிய கட்டுரை, பார்த்தீனியம்தான் காரணம் என்று மருத்துவ உலகுக்குத் தெரிவித்தது.

செடியில் உள்ள பார்த்தெனின் என்ற பொருள்தான் குற்றவாளி. அது தோலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடலின் காவல் அணுக்கள் அதை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் முறை தொட்டதும் ஒன்றும் ஆகாது. பல மாதம், சில சமயம் பல வருடம் ஒன்றும் ஆகாது. நினைவு பதிந்த பிறகு, அடுத்த முறை பட்ட ஓரிரு நாளில் தோல் பொங்கும். செடியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்த செடியின் மெல்லிய முடியும் தூளும் காற்றில் வந்து படிந்தாலே போதும். சிலருக்கு நாளாக நாளாக வெயில் பட்டாலும் பொறுக்காத நிலை வந்துவிடுகிறது. வெயிலையும் வயலையும் விட்டால் பிழைப்பு இல்லாதவருக்கு இதைவிடத் தண்டனை வேறு என்ன?

வண்டின் கதை

செடியை அழிக்க அதன் சொந்த ஊரிலிருந்தே எதிரியைக் கொண்டு வந்தார்கள். ஸைகோகிராம்மா என்ற இலை தின்னும் வண்டு 1983இல் மெக்சிகோவிலிருந்து வந்தது. சோதனைகளுக்குப் பின் 1984இல் பெங்களூரில் வெளியே விடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அது சூரியகாந்தி இலையையும் தின்கிறது என்று புகார் எழுந்தது. பார்த்தீனிய மகரந்தம் படிந்த இலையைத்தான் வண்டு ஏமாந்து கடிக்கிறது, சேதம் பெரிதல்ல என்று ஆய்வில் தெரிந்தது. மழைக்காலத்தில் வண்டு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது மட்டுமே செடியை ஒழித்துவிடவில்லை.

சமாளிப்பது எப்படி?

1952இல் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு கரப்பானுக்குப் பயன்பட்டது பெரிய திருப்பம். ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை வேகமாக அடக்கும். கடுமையான பார்த்தீனியக் கரப்பானுக்கு அஸாதயோப்ரின் மாத்திரை உதவுவதை தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 1990களின் பிற்பகுதியில் காட்டினார்கள். இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

இங்கேதான் மலைக்கிராமங்களுக்குச் சிக்கல். தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். அதற்குப் பதில் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்குவது சுலபம். வலுவான ஸ்டீராய்டை மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலியும். படர்தாமரை போன்றவை உள்ளுக்குள் வளரும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்ததற்கு இதுவே காரணம்.

மருந்தோடு தினசரிப் பழக்கமும் வேண்டும். முழுக்கைச் சட்டை போட வேண்டும். வயலிலிருந்து வந்ததும் குளித்து, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். காரமான சோப்பைத் தவிர்த்து, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். காய்ந்த செடியை வீட்டருகே குவிக்கவோ கொளுத்தவோ கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. முகாம்களில் மாணவர்களை வரிசையாக நிறுத்திச் செடியைப் பிடுங்க வைப்பது வழக்கம். நல்ல வேலைதான். ஆனால் வெறுங்கையால் பிடுங்கினால், இன்று ஒன்றும் ஆகாத கை ஐந்து வருடம் கழித்துப் பொங்கலாம். கையுறை வேண்டும், மூக்கை மூடத் துணி வேண்டும், பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். ஏற்கெனவே தோல் அலர்ஜி உள்ளவர் இந்த வேலைக்குப் போகக் கூடாது. பிடுங்கிய இடத்தில் துத்தி போன்ற செடியை வளர விட்டால் பார்த்தீனியம் திரும்ப வருவது குறையும்.

நோய் வந்த விவசாயியைப் பார்த்து "சுத்தமில்லாதவர்", "ஒட்டிக்கொள்ளும்" என்று ஒதுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒதுக்கப்பட வேண்டியது செடிதானே தவிர, அதன் நடுவே நின்று நமக்குச் சோறு போடும் மனிதர் அல்ல.