நான்கு மணி நேரச் சிங்கப்பூர்



சென்ற பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர் பன்னிருவரை வெளியே அழைத்துச் சென்றேன். உல்லாசக் கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்கு அரைநாளில் ஊரைச் சுற்றிக்காட்டும் பேருந்துகள் உண்டல்லவா? அவை செல்லும் வழியிலேயே நாங்களும் செல்வது, அப்பயணிகள் எதைக் காண்கிறார்கள், எதைக் காணாமல் போகிறார்கள் என்று குறித்துவருவது. இதுவே திட்டம்.

கப்பல் காலையில் கரை சேரும். பெரும்பாலும் மாலையிலேயே புறப்பட்டுவிடும். 1991-இல் திறக்கப்பட்ட ஹார்பர்ஃபிரண்ட் முனையமாயினும், 2012-இல் திறக்கப்பட்ட மரினா பே முனையமாயினும், பயணிக்குக் கிடைப்பது ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதற்குள் சிங்கத்தலை மீன், சைனாடவுன், லிட்டில் இந்தியா, பூமலையின் ஆர்க்கிட் தோட்டம் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். வழிகாட்டிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பயின்று, தேர்வெழுதி, பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றவர்கள் அவர்கள். நாற்பது பேரை வெயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு இருநூறு ஆண்டு வரலாற்றைச் சொல்லிவிட எவராலும் இயலாது. என் கவலை வேறு. இவ்வூரிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளும் அந்த நான்கு மணி நேரச் சிங்கப்பூரைத்தானே அறிந்திருக்கிறார்கள்?

சைனாடவுனில் பகோடா தெருவின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று, "இப்பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டேன். சீனக் கோபுரம் ஒன்று இங்கே இருந்திருக்கும் என்றனர், ஒரே குரலில். எங்களுக்கு அருகில் நின்ற பயணிகளும் அவ்வாறே எண்ணியிருப்பர். உண்மையில் அப்பெயர் தெருமுனையில் நிற்கும் மாரியம்மன் கோவிலைக் குறித்தது. தென்னிந்தியக் கோவில்களை அக்கால ஐரோப்பியர் 'பகோடா' என்றே எழுதினர். (நம் வராகன் நாணயத்துக்கும் அவர்கள் வைத்த பெயர் அதுவே!) அடுத்துள்ள டெம்பிள் தெருவின் பெயரும் இக்கோவிலால் வந்ததே.

கோவிலை 1827-இல் எழுப்பிய நாராயண பிள்ளை, 1819 மே மாதத்தில் இராஃபிள்சுடன் 'இந்தியானா' கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். முதலில் அது மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்தது. பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கற்சூளையும் வைத்திருந்தார். அந்த ஊர்ப்பெயரை நினைவில் வையுங்கள். பின்னர் மீண்டும் வருவேன்.

அங்கிருந்து சிறிது நடந்தால் தெலுக் ஆயர் தெரு. பயணிகளின் பேருந்து பெரும்பாலும் இங்கே நிற்பதில்லை. இன்று வானளாவிய கட்டடங்களின் காலடியில் கிடக்கும் இத்தெருதான் ஒரு காலத்தில் கடற்கரை. 1880களில் கடல் தூர்க்கப்பட்டு, கரை தொலைவுக்குப் போய்விட்டது. 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்ட நாகூர் தர்கா அலையோசை கேட்கும் இடத்தில் நின்றது. சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தவர்கள், உயிரோடு கரை சேர்ந்ததற்கு நாகூர் ஆண்டவரை நினைத்து நன்றி செலுத்திய இடம் இது. அதே வரிசையில், சீனர் தம் கடல் தெய்வத்துக்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் கோவில். கப்பலில் வந்திறங்குவோர் முதலில் காலடி வைக்க வேண்டிய இடம் எதுவென்று என்னைக் கேட்டால், இத்தெருவையே சொல்வேன்.

பிறகு சிராங்கூன் சாலை. 'லிட்டில் இந்தியா' என்பது 1980களில் சுற்றுலாவுக்காகப் பரப்பப்பட்ட பெயர். நம் தாத்தா பாட்டியர்க்கு அது தேக்கா; அதற்கும் முன்னர், காளியம்மன் கோவிலைச் சுற்றிய பகுதி 'சுண்ணாம்புக் கம்பம்'. மாணவர்களுக்கு இப்பெயர் முற்றிலும் புதிது. அங்கே சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. 1825 முதல் இந்தியக் கைதிகள் நாடு கடத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டனர். சாலைகள், பாலங்கள், இன்று இஸ்தானா எனப்படும் ஆளுநர் மாளிகை எனப் பலவும் அவர்கள் உழைப்பால் எழுந்தவை. வெள்ளைவெளேரென்று நிற்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவர்கள் கட்டியது. சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் குழைத்துப் பூசிய 'சென்னைச் சுண்ணம்' அதன் சுவர்களுக்கு மெருகேற்றியது. பேருந்துச் சன்னல் வழியாக அத்தேவாலயத்தைப் படமெடுக்கும் பயணி, அதில் தமிழ்நாட்டுக் கொத்தனின் கைத்திறம் இருப்பதை எங்ஙனம் அறிவார்? நம் பிள்ளைகளே அறியவில்லை.

மாலை ஐந்து மணியளவில், பயணிகளின் குளிரூட்டப்பட்ட பேருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதே நேரத்தில், துவாஸ் விடுதிகளிலிருந்து தொழிலாளர்களை ஏற்றி வந்த பேருந்துகளிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தனர். பயணி ஒருவர் அவர்களைப் படமெடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், எங்கப்பா துவாஸ் துறைமுகத்துலதான் வேலை செய்றாரு. அதுவும் துறைமுகந்தானே? அங்க ஏன் யாரையும் கூட்டிட்டுப் போறதில்ல?"

எனக்கு உடனே விடை வரவில்லை. அது காவலுக்கு உட்பட்ட சரக்குத் துறைமுகம் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்தபின்தான் தஞ்சோங் பகார் நினைவுக்கு வந்தது. நாராயண பிள்ளை செங்கல் சுட்ட அதே தஞ்சோங் பகாரில்தான், 1972 சூன் 23-இல் சிங்கப்பூரின் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. இப்போது நகரையொட்டிய சரக்கு முனையங்கள் துவாஸுக்கு இடம்பெயர்கின்றன. 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் பணிகள் 2040களில் நிறைவுறும். தெலுக் ஆயரில் நடந்ததைப் போலவே இங்கும் கடலைத் தூர்த்தே நிலம் உண்டாக்கியிருக்கிறார்கள். முன்னர் அது மீனவர் ஊர். தென்னங்கீற்றைக் கடலில் இட்டு, அதன் நிழலை நாடி வந்து கூடும் மீன்களை வலையிட்டுத் தூக்கும் மலாய் மீனவர் முறையிலிருந்தே 'துவாஸ்' என்ற பெயர் வந்தது என்பர்.

மறுவாரம் மாணவர்களை, வழிகாட்டி ஒருவர் படிப்பதற்கென்று ஆளுக்கு ஒரு பத்தி எழுதச் சொன்னேன். பதினொருவர் கோவில், தர்கா, தேவாலயம் பற்றி எழுதினர். அந்தப் பையன் மட்டும் துவாஸைப் பற்றி எழுதியிருந்தான். பாதிக்கு மேல் அவன் அப்பா வேலைக்குக் கிளம்பும் நேரமும் அவர் கட்டிக்கொண்டு போகும் சோறும்தான். சந்திப்பிழைகளைத் திருத்தினேன், வேறெதையும் தொடவில்லை.

அடுத்த விடுமுறையில் துவாஸ் லிங்க் நிலையம் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து நடப்பதாக இருக்கிறோம். பழைய துவாஸ் மீனவச் சிற்றூரைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அன்று எங்களுடன் வர இயலுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். மாணவர்கள் கேள்விகளோடு காத்திருக்கிறார்கள்.