வாக்கர் நடந்தவர் இல்லீங்க!

எங்க க்ளையன்ட் பக்கம் வாக்கர் என்று ஒருத்தர். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர்காரர். நம்ம பேர் கதைதான் தெரியுமே, லாஸ்ட் நேம் கட்டத்தில் அப்பா பேரைப் போட்டு வைப்போம். மனுஷன் ஆறு மாசமா என் அப்பா பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் விஷயத்தை விளக்கிவிட்டு, "உங்க பேருக்கு என்ன அர்த்தம்?" என்றேன். "யாரோ ஒரு தாத்தா நிறைய நடந்திருப்பார்" என்று சிரித்தார்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஜானி வாக்கர் பாட்டிலில்கூட ஒரு தொப்பிக்காரர் விறுவிறுன்னு நடக்கிறாரே! (பாட்டில் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கப்படாது.) அந்த ஆளை 1908-ல்தான் வரைந்தார்களாம். பேர் அதைவிடப் பல நூறு வருஷம் பழசு. ஆணி கம்மியா இருந்த ஒரு மத்தியானம் உட்கார்ந்து தோண்டினேன்.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித்துணி தொளதொளன்னு, ஆட்டு ரோமப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட மூத்திரத்தை ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். ஆமாங்க, மூத்திரமேதான். அதிலிருக்கும் அமோனியா பிசுக்கை எடுக்கும். மிதிக்க மிதிக்க இழைகள் பின்னிக்கொண்டு துணி சுருங்கி கெட்டியாகும். அப்புறம் அலசி, மரச்சட்டத்துக் கொக்கிகளில் மாட்டி, இழுத்துக் காயவைப்பார்கள்.

அப்படி மிதித்தவர்தான் வாக்கர். 'வாக்' என்பதன் பழைய ஆங்கில வேர்ச்சொல்லுக்கு உருட்டு, புரட்டு என்றுதான் பொருள். 'நட' என்பது பின்னால் வந்தது. ஜெர்மனில் 'வால்கன்' என்றால் இன்னிக்கும் இந்த வேலைதான். பழைய கோடில் ஃபங்ஷன் பேர் அப்படியே இருக்கும், உள்ளே செய்கிற வேலை மாறியிருக்குமே, அந்த மாதிரி.

இதே வேலைக்கு இங்கிலாந்தின் வடக்கில் வாக்கர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். எக்ஸிடரில் 1471-ல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்னும் நிற்கிறது. ஃபுல்லர் லத்தீனிலிருந்து வந்தது. டக்கரின் பழைய வேருக்கு 'வதைப்பது' என்று அர்த்தம். பாவம், துணி!

இதில் ஒரு வேடிக்கை. தண்ணீரில் ஓடும் சம்மட்டி ஆலைகள் துணியை அடித்ததற்கு 1185-ம் வருஷத்து டெம்ப்ளர் கணக்கேட்டிலேயே பதிவு இருக்கிறது. தொழில் பெயர்கள் பரம்பரைப் பெயராக உறைந்ததோ பெரும்பாலும் 13, 14-ம் நூற்றாண்டுகளில். அதாவது பேர் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் மெஷின் வேலையைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டது.

எனக்கு ஆச்சரியம் அதில்கூட இல்லை. தொழில் தெரிந்தால் ஒருத்தரைத் திண்ணையில் உட்கார வைப்பதா, வாசலில் நிற்க வைப்பதா என்று முடிவு பண்ணும் ஊர்லேர்ந்து வந்தவன் நான். இங்கே மூத்திரத் தொட்டியில் நின்றவர் பேரை எழுநூறு வருஷமா தலைமுறை தலைமுறையா சுமக்கிறார்கள், அர்த்தமே மறந்துபோய். அங்கேயும் மேல் கீழ் இருந்தது, இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த நாத்தம் பேரில் ஒட்டலை.

நேத்து கால் முடிவில் வாக்கரிடம் எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மியூட்ல இருக்காரோன்னு நினைச்சேன்.

"யாரோட மூத்திரம்?" என்றார்.