வியாசம், கட்டுரை, ஒப்படை: திருகோணமலையில் மாணவர் எழுத்து வந்த வழி

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் விரிவுரையாளர் எழுதித் தரச் சொன்ன கட்டுரையை ‘ஒப்படை’ என்பார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இதே வேலைக்கு ‘அசைன்மென்ட்’ என்ற சொல்தான் வழக்கு. இலங்கைத் தமிழில் ஒப்படை வேரூன்றிவிட்டது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதை அந்தச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. யார் கைக்குப் போயிற்று என்பதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டு போனால், இந்தத் துறைமுக ஊரில் மாணவர் கட்டுரை அடைந்த மாற்றங்களில் பெரும்பகுதி தெளிவாகிவிடும் என்பது என் கருத்து.

கட்டுரை என்ற சொல் பழையது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அது பெயர். ஆனால் அங்கே அது எடுத்துரைத்தலைக் குறித்தது. ஒரு பொருளைப் பற்றி உரைநடையில் எழுதுவதற்கு 19ஆம் நூற்றாண்டில் வழங்கிய பெயர் வியாசம். ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கையில் உரைநடையைக் கொடுத்தபோது கொலை, புலால், கள் என்று ஒழுக்கத்தையே அதிகம் பேசின. அவை வாசித்து மனத்தில் நிறுத்துவதற்கான பாடங்கள். பிள்ளை தன் முடிவை எழுத வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவற்றில் இல்லை.

திருகோணமலையில் உரைநடை வளம் குறைவாக இருக்கவில்லை. வே. அகிலேசபிள்ளை ‘திருக்கோணாசல வைபவம்’ எழுதினார். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ 1891இல் அச்சேறியது. தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னைக்குப் போய் மாநிலக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தபடி 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். ‘தமிழ்ப்பாஷை’ என்ற உரைநடைச் சிறுநூலும் அவருடையது. கதை, தலவரலாறு, மொழியாராய்ச்சி என மூன்று துறையிலும் எழுதக்கூடியவர்கள் இந்தச் சிற்றூரிலிருந்து வந்திருக்கிறார்கள். ஆயினும் அதே காலத்தில் இங்கே வகுப்பறையில் எழுதப்பட்ட கட்டுரைக்கும் இவர்களுடைய எழுத்துக்கும் தொடர்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. வகுப்பறைக் கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது.

1867இல் புனித சூசையப்பர் கல்லூரி தொடங்கியது. 1897இல் இந்துப் பாடசாலை. துறைமுகமும் கடற்படைத் தளமும் ஆங்கிலம் தெரிந்த எழுதுவினைஞர்களைக் கேட்டன. கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சை 1880 முதல் இலங்கையில் நடந்தது. ‘உள்ளூர்’ என்பது பெயரில் மட்டும். டிசெம்பரில் எழுதிய விடைத்தாள்கள் கட்டுக்கட்டாகக் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. அங்கே திருத்தினார்கள். பெறுபேறு வர மாதங்கள் ஆகும். சுவாமி மலையின் உச்சியிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல் தெரிகிற ஊரில் வளர்ந்த பிள்ளை, கடலைப் பற்றி எழுதினாலும் அதை அந்தத் தூரத்துக் கண்ணுக்காகவே எழுத வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசிப்பவரை ஒருநாளும் காணப்போவதில்லை என்ற நிலையில், எவரும் பிழையின்றி எழுதுவதைத்தான் முதலில் பழகுவார்கள். எண்ணுவது பின்னுக்குப் போய்விடும்.

இந்த இடத்தில்தான் விபுலானந்தர் முக்கியமாகிறார். காரைதீவில் பிறந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறியவர். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். இரண்டு பரீட்சை முறைகளையும் உள்ளிருந்து அறிந்தவர் அவர். 1925இல் இந்துப் பாடசாலை ராமகிருஷ்ண மிஷனின் பொறுப்புக்கு வந்தது. அந்த மிஷனின் துறவியாக, அடுத்த சில ஆண்டுகள் அவர் திருகோணமலையில் அதை நடத்தினார். 1926இல் வந்த அவருடைய ‘மதங்க சூளாமணி’ ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்கிறது. ‘ஆங்கிலவாணி’ ஆங்கிலக் கவிகளைத் தமிழில் பெயர்த்துக் காட்டி, அவற்றின் சுவையைத் தமிழ் வாசகருக்கு விளக்கும் கட்டுரை. இன்று இலக்கிய வகுப்பில் ‘ஒப்பிடுக’ என்று வினா வந்தால் மாணவர் செய்ய வேண்டியதை அவர் அன்றே செய்து காட்டிவிட்டார். பிறமொழிச் சரக்கைத் தமிழ்ச் சிந்தனைக்குள் கொண்டுவந்து வைத்துப் பேசினார். கேம்பிரிட்ஜுக்குப் போன பாதையை அவர் இந்தப் பக்கமாகத் திருப்பினார் என்றே நான் வாசிக்கிறேன்.

அவர் செய்த இன்னொரு வேலையை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. தமிழில் துறைசார்ந்து எழுத வேண்டுமானால் சொல் வேண்டும். 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் ‘கலைச்சொற்கள்’ வெளிவந்தது. பின்னாளில் அரசகரும மொழித் திணைக்களம் இலங்கையில் சொற்றொகுதிகளை வெளியிட்டது. மெய்யியல், ஒழுக்கவியல், அளவையியல், உசாத்துணை என்று நம் மாணவர் இன்று இயல்பாக எழுதும் சொற்கள் பல பேருடைய பல ஆண்டு உழைப்பில் பழக்கத்துக்கு வந்தவை.

1942 ஜூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கியது. 1943இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக விபுலானந்தரே வந்தார். 1945இல் இலவசக் கல்வி. பின்னர் அந்தப் பல்கலைக்கழகம் இடம்மாறிய பேராதனையில் ‘ரியூட்டோரியல்’ என்ற முறை வந்தது. மாணவர் ஒரு சிறு கட்டுரை எழுதிக்கொண்டு போய் ஆசிரியர் எதிரே அமர்ந்து அதை நியாயப்படுத்த வேண்டும். திருத்துபவர் முகம் தெரிந்தது. ஆனால் மொழி இன்னும் ஆங்கிலம். 1957இல் வி. செல்வநாயகத்தின் ‘தமிழ் உரைநடை வரலாறு’ வந்தது. 1960இல் கலைத்துறைப் படிப்புகள் சிங்களத்திலும் தமிழிலும் நடக்கத் தொடங்கின. உரைநடை ஆராய்ச்சிக்கு உரிய பொருளான சில ஆண்டுகளில் அது ஆராய்ச்சியின் கருவியாகவும் ஆகிவிட்டது.

அதன் பிறகு ஒரு பின்னடைவு. உயர்தரப் பரீட்சை பல்கலைக்கழகத்தின் ஒரே வாசலான போது, கட்டுரை மறுபடியும் முகம் தெரியாத ஒருவருக்கானதாயிற்று. ரியூஷன் வகுப்புகளில் மாதிரி விடை அச்சடித்த தாள்களுக்கு ‘ரியூட்’ என்று பெயர். பேராதனையில் வாதாடிப் பழகும் பயிற்சிக்கு இருந்த பெயர், இங்கே மனனம் செய்யும் தாளுக்கு வந்துவிட்டது. ஒரு கருத்துக்கு இத்தனை புள்ளி என்று எண்ணி எழுதப் பழகிய கை, பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகும் அப்படியே எழுதும். முதலாம் ஆண்டு ஒப்படைகளில் பலவற்றைப் புரட்டினால், ‘ஒழுக்கம் விழுப்பம் தரும்’ என்ற வகையில் யாரும் மறுக்க முடியாத வாக்கியங்கள் வரிசையாக நிற்கும். ஓரத்தில் சிவப்பு மையில் ‘ஆதாரம்?’ என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப விழும்.

போர்க்காலம் இதற்கு வேறொரு கனத்தைச் சேர்த்தது. 2006 ஜனவரி 2ஆம் தேதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நீதி என்றால் என்ன என்ற வினாவுக்கு இந்த ஊரில் விடை எழுதுபவர் ஒவ்வொருவரும் அந்தக் கடற்கரை வழியாகத்தான் நடந்து வந்திருக்கிறார். அவர் மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் நீதி பற்றி எழுதிய 1971ஆம் ஆண்டு நூலைச் சுருக்கி எழுதிவிட்டு நிறுத்தினால், அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று நான் நம்பமாட்டேன். சொல்லலாமா என்று தயங்கியிருக்கிறார் என்றே எண்ணுவேன்.

வளாகம் ஊருக்குள்ளேயே இருப்பதால் வினாவையும் ஊரிலிருந்தே எடுக்கலாம். கரைவலையை எடுத்துக்கொள்வோம். வள்ளம் வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கி வரும். இரு அணியாக நின்று கரையிலிருந்து கயிற்றை இழுப்பார்கள். மீன் மடிக்குள் சேரும். இன்ன இடத்தில் வளைக்கும் உரிமைக்குப் பாடு என்று பெயர். பிடித்ததில் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. பின்னர் சில இடங்களில் உழவு இயந்திரத்தைக் கட்டி இழுக்கத் தொடங்கினார்கள். பத்துப் பேரின் வேலையை அது செய்கிறது. அந்தப் பத்துப் பேரின் பங்கு யாருக்குப் போக வேண்டும்? பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி என்ற தற்காலிகக் குடிசை போடுபவருக்குப் பாட்டில் உரிமை உண்டா? ஒழுக்கவியல், பொருளியல், சமூகவியல் மூன்றும் ஒரே மணலில் நிற்கின்றன. எந்த ரியூட்டிலும் இதற்கு விடை இல்லை. கணினி நொடியில் எழுதித் தரும் கட்டுரையிலும் நிலாவெளிக் கரையின் பங்குக் கணக்கு வராது. போய்க் கேட்க வேண்டும்.

போய்க் கேட்ட மாணவருக்கு உடனே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். சம்மாட்டி வாயால் சொன்னதற்கு உசாத்துணை எப்படிப் போடுவது? நேர்காணல், இடம், தேதி என்று போடலாம். அச்சு நூலுக்கு அடுத்த வரியில் அதுவும் ஆதாரமாக நிற்கும். எழுதி முடித்த பிறகு விரிவுரையாளருக்கு ஒரு பிரதி, சம்மாட்டிக்கு ஒரு பிரதி. தமிழில் இருப்பதால் அவர் வாடியில் இருந்தபடியே வாசித்துவிடுவார். மடியில் விழுந்த மீனின் பங்கைத் தவறாக எழுதியிருக்கிறாய், தம்பி என்று அவர் சொன்னால், அந்தத் திருத்தத்தையும் அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டியிருக்கும்.