செம்மறிக்குள்ள ஒளிஞ்சிருக்கும் குட்டி

பக்ரீத் நெருங்கும்போது புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் போனீங்கன்னா, ஆடு வாங்க வர்றவங்க முதல்ல என்ன செய்றாங்கன்னு கவனிங்க. ஆட்டோட கீழுதட்டை விரலால விலக்கி, உள்ளே எட்டிப் பார்ப்பாங்க. கேள்வி ஒண்ணுதான்: "பல்லு போட்டுடுச்சா?"

ஆட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆனா குர்பானி ஆட்டுக்குக் குறைந்தபட்ச வயசு உண்டு. அதனால பல்தான் சாட்சி. ஆட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில மட்டும்தான், மொத்தம் எட்டு. ஒரு வயசுல இருந்து ஒன்றரை வயசுக்குள்ள நடுவுல இருக்கிற ரெண்டு பால் பல் விழுந்து, பெரிய பல் முளைக்கும். அதுதான் 'ரெண்டு பல்'. அப்புறம் நாலு பல், ஆறு பல். நாலு வயசு வாக்கில எட்டும் சேர்ந்துடும். வயசைத் தப்பா கணிச்சா, வாங்குறவருக்கோ விக்கிறவருக்கோ நஷ்டம்.

இப்போ ஸ்காட்லாந்துக்குப் போவோம். அங்கே இளம் ஆட்டுக்குப் பழைய பேர்கள் நிறைய. பால்குடி மறந்ததுல இருந்து முதல் தடவை ரோமம் கத்தரிக்கிற வரைக்கும் அது 'ஹாக்'. முதல் கத்தரிப்புக்கும் ரெண்டாவது கத்தரிப்புக்கும் நடுவுல, பெட்டைன்னா 'கிம்மர்', காயடிச்ச கிடான்னா 'டின்மண்ட்'. அங்கே ஆட்டோட வயசை அளந்தது கத்தரிக்கோல். காரணம், கம்பளி அப்போ அங்கே பெரிய வருமானமா இருந்துச்சு.

நம்ம ஊர்ல? திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், சென்னை வட்டாரத்துக்குன்னே ஒரு செம்மறி இனம் இருக்கு. பேரு மெட்ராஸ் ரெட், அதாவது சென்னைச் சிவப்பு. உடம்புல கம்பளி கிடையாது, குட்டையான முடிதான். கறிக்காக வளர்க்கிற ஆடு. கத்தரிக்கவே வேண்டாத ஆட்டுக்குக் கத்தரிப்பை வெச்சு எப்படிப் பேர் வைக்க முடியும்? அதனால இங்கே வாய்க்குள்ள பார்க்கிறோம்.

தமிழ்லயும் பழைய பேர்கள் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்கள் ஒன்பதைப் பட்டியல் போடுது. நாய்க்கும் பன்றிக்கும் குருளை. யானைக்கும் மாட்டுக்கும் கன்று. ஆட்டுக்கும் மானுக்கும் மறி. ஆண் ஆட்டுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர்னு நாலு பேர்! இன்னைக்குச் சென்னையில இதெல்லாம் கிட்டத்தட்ட 'குட்டி', 'கிடா'ன்னு ரெண்டு சொல்லுக்குள்ள அடங்கிப்போச்சு.

ஆனா மறி சாகல. 'செம்மறி'யைப் பிரிச்சுப் பாருங்க: செம்மை, மறி. சிவப்புக் குட்டி! குட்டிக்கு இருந்த பேர், இனத்துக்கே பேராயிடுச்சு.

ஒரு சொல்லுக்கு வேலை இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு ஆயுசு. மேய்ச்சல் நிலம் போனா, ஆட்டோட வயசு பார்க்கிற கண்ணும் சேர்ந்து போயிடும். 1969-ல மணலி சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிச்சது. 1970-ல எண்ணூர் அனல் மின் நிலையம். அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச சொற்கள் ஷிப்ட், கேட் பாஸ், கன்டெய்னர். அதுவும் பிழைப்போட மொழிதான். ஆனா பல் பார்க்கிற மொழி இன்னும் கறிக்கடைக்காரர்கிட்டயும் ஆட்டு வியாபாரிகிட்டயும் உயிரோட இருக்கு. ஆட்டை எந்த வயசுல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு அவங்ககிட்ட கேட்டு, எங்களுக்கு எழுதுங்க.