பினாங்கு, லங்காவி விடுமுறையில் கேசினோ தேடுபவரா? வடக்கில் எது சட்டப்படி, எது வம்பு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பத்து ஃபிரிங்கியிலும் லங்காவியிலும் விடுதி அறை கிடைப்பதே பெரும்பாடு. குடும்பத்தோடு போகிறவர்கள் கொடிமலை, தண்ணீர்மலை முருகன் கோயில், கடற்கரை, கேபிள் கார் என்று சுற்றுகிறார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்களில் சிலர் வேறொன்றை விசாரிப்பதும் உண்டு: “இங்கே பக்கத்தில் கேசினோ ஏதும் இருக்கிறதா?”

இல்லை. பினாங்கில் இல்லை, லங்காவியில் இல்லை, கெடா, பெர்லிஸ், பேராக் மாநிலங்களில் எங்குமே இல்லை. லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு என்பதால் கேசினோவும் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. மதுவும் சாக்லெட்டும் அங்கே மலிவாகக் கிடைக்கும். சூதாட்ட உரிமம் வேறு விஷயம்.

மலேசியாவில் சட்டப்படி இயங்கும் சூதாட்டக்கூடம் கெந்திங் மலையில் இருப்பது மட்டுமே. லிம் கோ தோங் 1965இல் நிறுவனம் தொடங்கி, 1969இல் உரிமம் பெற்று, 1971இல் முதல் தங்கும் விடுதியைத் திறந்தார். பட்டர்வொர்த்திலிருந்து அங்கே போக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஆகவே வடக்கில் யாராவது “கேசினோவுக்குக் கூட்டிப் போகிறேன்” என்று சொன்னால், அது விடுதியின் மேல்மாடி அறையாக இருந்தாலும், கடைவீட்டின் பின்பக்கமாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் சூதாட்ட விடுதிதான்.

பார்க்கப் போனவரும் மாட்டலாம்

இதற்கான சட்டம் 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம். நடத்துபவருக்குத்தான் தண்டனை, விளையாடுபவருக்கு ஒன்றும் ஆகாது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது தவறு. அந்தச் சட்டத்தின் 6ஆவது பிரிவு விளையாடுபவருக்கே உரியது: 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதே பிரிவில் பலருக்கும் தெரியாத ஒரு பகுதி உண்டு. போலீஸ் சோதனையின்போது அத்தகைய இடத்தில் இருந்தவரோ, அங்கிருந்து தப்பி ஓடியவரோ, சூதாடியவர் என்றே கருதப்படுவார். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவருடைய பொறுப்பு. “நான் சும்மா மச்சானோடு வந்தேன், கையில் ஒரு வெள்ளிகூட இல்லை” என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். ஆனால் சொல்வதை நம்பவைக்கும் சுமை நம் தலையில் இருக்கும். விடுமுறைக்குப் போன இடத்தில் இரவு லாக்கப்பில் கழிந்தால், மறுநாள் வேலைக்கு என்ன காரணம் சொல்வது?

நடத்துபவருக்குத் தண்டனை இன்னும் கடுமை. சூதாட்ட இயந்திரம் வைத்திருந்தால் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் 10,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. சிறு நகரங்களில் கண்ணாடியை மறைத்து, கதவைப் பூட்டி வைத்து நடக்கும் மெஷின் கடைகள் இந்த வகைதான். கடைக்குக் காவலாகவோ காசு வாங்கிப் போடும் ஆளாகவோ நம் இளைஞர்களைத்தான் நிறுத்துகிறார்கள். சோதனை வரும்போது முதலாளி அங்கே இருப்பதில்லை.

பினாங்கின் தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள் சூதாடுவது ஷரியா சட்டப்படியும் குற்றம். கெந்திங் சூதாட்டக்கூடத்திலும் அவர்களுக்கு அனுமதி இல்லை. மற்றவர்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

நம்பர் கடை: பினாங்கில் உண்டு, கெடாவில்?

கேசினோ இல்லாத வடக்கில் சட்டப்படி இருப்பது நம்பர் கடைகள்தாம்: மேக்னம், டோட்டோ, டா மா சாய். எம்பாட் எக்கோர் என்று தோட்டத்தில் சொல்வது மலாய்ப் பேச்சு வழக்கிலிருந்து வந்தது. எக்கோர் என்றால் வால். நாலு இலக்கம் நாலு வாலாகிவிட்டது. புதன், சனி, ஞாயிறு குலுக்கல். சில செவ்வாய்களில் சிறப்புக் குலுக்கலும் உண்டு. அதை 2023இல் ஆண்டுக்கு 22இலிருந்து 8ஆகக் குறைத்தார்கள்.

பினாங்கில் இந்தக் கடைகள் வழக்கம்போல் இயங்குகின்றன. கெடாவில் 2021 நவம்பரில் மாநில அரசு அறிவித்தபடி, 2023 ஜனவரி 1 முதல் கடைகளின் வணிக உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. பெர்லிசும் அதே வழியில் போனது. கிளந்தானிலும் திரெங்கானுவிலும் அதற்கு முன்பே கடைகள் இல்லை. கெடாவின் முடிவை எதிர்த்து நிறுவனங்கள் நீதிமன்றம் போயின.

கடை மூடினால் பழக்கமும் மூடிவிடுமா? சுங்கைப்பட்டாணியிலிருந்து கெப்பாலா பத்தாஸ் அரை மணி நேரம்கூட இல்லை. கூலிமிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் இன்னும் பக்கம். ஆற்றைத் தாண்டிப் போகாதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் நம்பர் எடுக்கும் ஏஜென்ட் இருக்கிறார். அவரிடம் சீட்டு இல்லை, கடன் உண்டு. ஆபத்தே அந்தக் கடனில்தான். கடையில் கையில் இருக்கும் காசுக்குத்தான் வாங்க முடியும். ஏஜென்டிடம் சம்பள நாள் வரை கணக்கு ஓடும். பரிசு விழுந்து அவர் தராவிட்டால் வழக்கும் போட முடியாது. 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது.

சட்டப்படியான கடையில் வாங்கினால் மட்டும் லாபமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் ஒருவர் எல்லா எண்களையும் ‘பிக்’கில் ஒரு வெள்ளிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். செலவு 10,000 வெள்ளி. முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. எல்லாப் பரிசும் அவருக்கே விழுந்தும் கையில் வருவது 6,400 வெள்ளி. ‘ஸ்மால்’ என்றால் 3,500, 2,000, 1,000 சேர்த்து 6,500. ஒரு வெள்ளி போட்டால் சராசரியாகத் திரும்பி வருவது 64 அல்லது 65 சென்.

குலுக்கலுக்குப் பத்து வெள்ளி போடும் வீட்டில் வாரம் 30, ஆண்டுக்கு 1,560 வெள்ளி. அதில் சராசரியாகப் போவது சுமார் 560. ஒரே எண்ணை வாரம் மூன்று முறை விடாமல் வாங்கினால், முதல் பரிசு சராசரியாக 64 ஆண்டுக்கு ஒரு முறை வரும். கனவில் பாம்பு வந்தாலும், விபத்துக்குள்ளான காரின் எண் பலகையைப் பார்த்து எழுதினாலும் இதுதான் கணக்கு. பெட்டிக்குள் உருளும் பந்துக்கு நம் கனவு தெரியாது.

குதிரை ஓட்டம் நின்றுவிட்டது

பினாங்கில் இன்னொரு பழைய இடம் இருந்தது. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப், பத்து காந்தோங் திடலில் தலைமுறைகளாகக் குதிரை ஓட்டியது. சங்கத்தைக் கலைக்க உறுப்பினர்கள் 2024இல் வாக்களித்தார்கள். 2025 மே மாதம் கடைசிப் பந்தயம் நடந்தது. சிங்கப்பூர் கிராஞ்சியிலும் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு பந்தயம் முடிந்துவிட்டது. குதிரை பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு வடக்கே மிச்சம் ஈப்போதான்.

எல்லையைத் தாண்டினால்

“இங்கே இல்லையென்றால் என்ன, டானோக் போனால் போச்சு” என்பார்கள். புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டினால் டானோக், இன்னும் ஒரு மணி நேரம் போனால் ஹாட்யாய். சாப்பாட்டுக்கும் சந்தைக்கும் போகலாம். சூதாட்டக்கூடம் அங்கும் சட்டப்படி கிடையாது. தாய்லாந்தில் 1935ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மாதம் இரு முறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும், அரசு லாட்டரி குலுக்கல் உண்டு. சீட்டு 80 பாட். தென் மாநிலங்களில் அனுமதி பெற்று நடக்கும் மாட்டுச் சண்டை, சேவல் சண்டை போன்றவற்றில் பந்தயம் உண்டு. கேசினோவுடன் கூடிய கேளிக்கை மையங்களுக்கு இடம் தரும் சட்ட மசோதா ஒன்று கொண்டு வரப்பட்டது. 2025 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

அந்த ஊர்ச் சட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நடந்த கதை. 2016இல் பட்டாயாவில் பிரிட்ஜ் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த 32 வெளிநாட்டவரைப் போலீஸ் பிடித்துப் போனது. பெரும்பாலோர் வயதானவர்கள். மேசையில் பணம் இல்லை. 120க்கு மேல் சீட்டு வைத்திருக்கக் கூடாது என்ற பழைய சட்டம் போதுமானதாக இருந்தது.

எல்லைப் பக்கம் இன்னொரு வலையும் இருக்கிறது. விளையாட அல்ல, வேலைக்கு அழைப்பது. “கேசினோவில் வாடிக்கையாளர் சேவை, தங்கும் இடம் இலவசம், சம்பளம் பல ஆயிரம்” என்று சமூக ஊடகத்தில் வரும் விளம்பரத்தை நம்பித் தாய்லாந்து வழியாக மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்கும், கம்போடியாவுக்கும் கொண்டுபோகப்பட்ட மலேசியர்கள் பலர். அங்கே கடப்பிதழைப் பிடுங்கிக்கொண்டு இணைய மோசடி செய்ய வைத்தார்கள், மறுத்தால் அடி. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை வேலைக்குக் கிளம்பினால், நிறுவனத்தின் முகவரியையும் வேலை அனுமதியையும் கையில் பார்க்காமல் பேருந்து ஏற்றாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யச் சொன்னாலே அது கேட்க வேண்டிய கேள்வி.

கெந்திங் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

விடுமுறை முடிந்து தெற்கே இறங்கும் வழியில் கெந்திங் ஏறுபவர்கள் உண்டு. சட்டப்படி தடையில்லை. சீட்டும் சக்கரமும் நம்பரைவிட நியாயமானவை என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். கணக்கும் ஓரளவு அதையே சொல்கிறது. பேக்கராட்டில் ‘பேங்கர்’ பக்கம் கட்டினால் கூடத்துக்குப் போகும் பங்கு நூற்றுக்கு 1.06, ‘பிளேயர்’ பக்கம் 1.24. இரு பக்கமும் சமம் என்று கட்டினால் 14க்கும் மேல். ஒற்றைச் சுழியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 2.7.

ஒன்று இரண்டு விழுக்காடு என்றதும் பெரிதாகத் தெரிவதில்லை. வேகத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம்பர் வாரத்துக்கு மூன்று முறை. பேக்கராட் மணிக்கு எழுபது ஆட்டம் ஓடும். ஆட்டத்துக்கு 50 வெள்ளி கட்டினால் ஒரு மணி நேரத்தில் 3,500 வெள்ளி மேசையில் புரண்டுவிடும். சராசரி இழப்பு சுமார் 40 வெள்ளி, ஆறு மணி நேரத்துக்குச் சுமார் 240. சராசரி என்பது எல்லாரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. அந்த மேசையில் ஒருவர் ஆயிரம் எடுத்துப் போவார், இன்னொருவர் இரண்டாயிரம் விடுவார். விட்டவர் அதை மீட்க மேலும் உட்காருவார். சராசரியை விடப் பெரிய இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய நாளுக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி, ஆண்டுக்கு என்றால் 3,000 கட்ட வேண்டும். கெந்திங்கில் அப்படி ஒன்று இல்லை. தனக்குத் தானே தடை கேட்டுப் பெற்றவரும், குடும்பத்தார் தடை வாங்கியவரும் நினைவில் வைக்க வேண்டியது: அந்த உத்தரவு சிங்கப்பூருக்குள் மட்டுமே செல்லும். அப்பாவை நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் வீட்டில், மலேசியப் பயணம் என்றால் மறுபடியும் பேச வேண்டியிருக்கும்.

கடன் வந்துவிட்டால்

உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. அடமானம் இருந்தால் 12. ஆலோங் கணக்கு வேறு. வாரத்துக்குப் பத்து விழுக்காடு என்று 2,000 வெள்ளி வாங்கினால், வட்டி மட்டும் வாரம் 200, மாதம் 800. இன்றைய குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் ஏறத்தாழ பாதி. முதல் அப்படியே நிற்கும். வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் வரும்வரை காத்திருக்காமல், முதல் மிரட்டலுக்கே போலீஸ் புகார் செய்து, புகார் நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கும்போது அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ கொடுத்திருந்தால் அதையும் புகாரில் சேர்க்க வேண்டும்.

வங்கிக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி என்றால் ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக உதவும். தவணையைக் குறைத்து மறுபடி அமைத்துத் தரும். ஆலோங் கடனுக்கு அது வராது. மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும். சிங்கப்பூரில் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தின் எண் 1800-6668-668. சூதாடுபவர் மட்டுமல்ல, மனைவியோ பிள்ளையோ அழைத்தாலும் கேட்பார்கள், குடும்பத் தடை உத்தரவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்றும் சொல்வார்கள்.