அகதிகளுக்காக எழுதப்படாத பாட்டு

1731இல் சல்ஸ்பேர்க் பேராயர் புரட்டஸ்தாந்து மக்களை நாட்டைவிட்டு வெளியேற்ற ஆணையிட்டார். ஏறத்தாழ 20,000 பேர் அகதிகளாயினர்; 1732இல் அவர்களில் ஒரு பகுதியினர் லைப்சிக் நகரைக் கடந்து சென்றனர். பசித்தவனோடு அப்பத்தைப் பகிரச் சொல்லும் யோகான் செபஸ்தியான் பாக்கின் 39ஆம் கன்டாட்டா அவர்களுக்காகவே எழுதப்பட்டதென நெடுங்காலம் நம்பப்பட்டது. அது 1726 யூன் 23இலேயே பாடப்பட்டதெனப் பிந்திய ஆய்வுகள் காட்டின.

அதில் ஏழு பகுதிகள்: பிரசங்கத்துக்கு முன் மூன்று, பின் நான்கு. முதற்பகுதியில் குழலும் ஓபோவும் தந்திகளும் மாறிமாறி, விட்டுவிட்டு ஒலிக்கின்றன. தள்ளாடும் கால்களின் ஓசை என்பாருமுண்டு. அப்பம் பிட்கும் ஓசை என்பாருமுண்டு.

கதை பொய்த்தது, சொல் பொய்க்கவில்லை. வீட்டுக்குள் அழைக்கப்பட வேண்டியவர்களைச் சுட்ட அங்கே வரும் 'எலென்ட்' என்ற ஜேர்மன் சொல்லுக்கு இன்று துயரம் என்று பொருள். ஆதியில் அந்நிய நாடு. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அடங்கியது எப்படியென்று நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.